முதல் அங்கமும் முழு நாடகமும்

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம்மவர் பழமொழி. பானையிலுள்ள அரிசி முழுவதும் ஒரே நீரில், ஒரே நெருப்பில், ஒரே பொழுதில் வெந்தது. ஆதலின் ஒரு சோற்றை நசுக்கிப் பார்த்து மற்றையவற்றைத் துணிதல் பொருந்தும். தொடர் நாடகத்தை அவ்வாறு துணிதல் பொருந்துமா? யப்பானிலிருந்தும் கொரியாவிலிருந்தும் ஆண்டுதோறும் வந்து குவியும் புதிய தொலைக்காட்சி நாடகங்களை நம் மாணவரும், ஆசிரியருட் சிலரும், முதல் அங்கத்தைப் பார்த்துப் பிடித்தால் தொடர்வதும் பிடியாவிடின் விடுவதுமாகச் சுவைத்து வருகின்றனர். இரண்டு அங்கங்கள் வேண்டும் என்பார் சிலர்; நான்கு வேண்டும் என்பார் சிலர்; முதற் பத்து நிமிடத்திலேயே எல்லாம் தெரிந்துவிடும் என்பாரும் உளர். இவ்வாறு சுவைத்தல் தவறென்று கூறுவது எம் கருத்தன்று. வாழ்நாளோ சிறிது; நாடகங்களோ பல. ஆயினும், சுவைத்தல் வேறு, மதிப்பிடல் வேறு. முதல் அங்கம் எதனைக் காட்டும், எதனைக் காட்டாது என்பதை அறியாது சுவைப்போர் நல்லன சிலவற்றை வாயிலிலேயே விட்டுவிடுவர். வாயில் மட்டுமே அழகாயமைந்த வீடுகளுக்குட் புகுந்து பதினாறு மணி நேரத்தை இழப்பர்.

இந்நாடகங்கள் ஈழத்திற்கு நேற்று வந்தவை அல்ல. யப்பானிய அரசின் உதவியோடு 1982 இல் ரூபவாஹினி நிலையம் அமைந்தது. பின்னர் அந்நிலையத்திற் காட்டப்பெற்ற 'ஓஷின்' என்ற யப்பானிய நாடகத்தை நம் பெற்றோர் தலைமுறையினர் பலர் இன்றும் நினைவிற் கொண்டுள்ளனர். கொரிய நாடகமான 'தே ஜாங் கும்', 'சுஜாதா தியணி' என்னும் பெயரிற் சிங்களக் குரலோடு அதே நிலையத்தில் வந்து பெருவரவேற்புப் பெற்றது. இவ்விரண்டையும் எடுத்துக்கொண்டு நம் பழமொழியைச் சோதித்துப் பார்க்கலாம்.

'ஓஷின்' யப்பானிய ஒலிபரப்புக் கழகமாகிய என்.எச்.கே. நிலையத்தில் 1983 ஏப்ரல் தொடங்கி 1984 மார்ச்சு வரை ஓராண்டு காலம் காலைதோறும் பதினைந்து நிமிடமாக 297 அங்கங்களில் ஒளிபரப்பானது. எழுதியவர் ஹஷிதா சுகாகோ அம்மையார். அந்நாட்டில் அதனைப் பார்த்த வீடுகளின் விகிதம் சராசரியாக நூற்றுக்கு 52.6 எனவும், உச்சத்தில் 62.9 எனவும் கணக்கிடப்பட்டது. அறுபதுக்கு மேற்பட்ட நாடுகளில் அது காட்டப்பட்டது. இந்நாடகத்தின் பெயரைச் சொன்னவுடன் நம் கண்முன் நிற்பது ஒரு மூடை அரிசிக்காக வேலைக்கு அனுப்பப்படும் ஏழு வயதுச் சிறுமி. அவள் பனிமூடிய மொகாமி ஆற்றில் தெப்பத்தில் ஏறிச் செல்லும் காட்சி மறக்கற்பாலதன்று. ஆனால், முதல் அங்கம் அச்சிறுமியோடு தொடங்கவில்லை. 1983 ஆம் ஆண்டில், செல்வம் மிக்க வணிகக் குடும்பமொன்று புதிய அங்காடி திறக்கும் நாளில், அக்குடும்பத்தின் மூதாட்டி எவரிடமும் சொல்லாது வீட்டை விட்டுப் போய்விடுகிறாள், மக்கள் திகைக்கின்றனர். இதுவே தொடக்கம். இப்பதினைந்து நிமிடங்களைக் கொண்டு துணிபவன், இது கடை நடத்துவோர் வீட்டுப் பூசல் பற்றிய கதை என்றே துணிவான்.

'தே ஜாங் கும்' இன் நிலையும் இதுவே. 2003 முதல் 2004 வரை எம்.பி.சி. நிலையத்தில் 54 அங்கங்களில் வந்த இந்நாடகம், அரண்மனை மடைப்பள்ளியிற் சேர்ந்து பின் அரசனுக்கே மருத்துவம் செய்யும் நிலைக்கு உயர்ந்த பெண்ணொருத்தியின் கதை. சுங்சோங் மன்னன் காலத்து அரச குறிப்புகளில் அவள் பெயர் உண்டு. நாடகமோ அவள் பிறப்பதற்கு முன்னே, பதவியிழந்த அரசியொருத்திக்கு நஞ்சூட்டும் காவலர் கூட்டத்தில் ஒருவனைக் கொண்டு தொடங்குகிறது. அவனே பின்னர் அவளுக்குத் தந்தையாகிறான். சமையலுமில்லை, மருத்துவமுமில்லை, கதாநாயகியுமில்லை. சோறு வேகுமுன் பானையைத் திறந்து பார்த்தவன் நிலைதான்.

இவ்விரண்டும் நெடுந்தொடர்கள், இன்று வரும் புதிய நாடகங்கள் குறுகியன, அவற்றிற்கு இக்கூற்றுப் பொருந்தாது என்று கூறலாம். ஆகவே, இன்றைய நாடகங்கள் எவ்வளவு காலத்துள் அமைகின்றன என்பதை அறிதல் இன்றியமையாதது.

யப்பானில் நாடகாசிரியன் முதலிற் பெறுவது கதையன்று, காலம். வணிக நிலையங்களின் நாடகங்கள் சனவரி, ஏப்ரல், யூலை, ஒக்டோபர் என்னும் நான்கு மாதங்களில் தொடங்கும். வாரத்திற்கு ஓர் அங்கம். பத்து அல்லது பதினோர் அங்கங்கள். மூன்று மாதத்தில் முடிவு. ஒரு மணிப் பொழுதில் விளம்பரங்கள் போக எஞ்சுவது ஏறத்தாழ நாற்பத்தைந்து நிமிடம். விளம்பரம் இடையிடையே வருவதால் ஒவ்வோர் அங்கமும் சிறு துண்டுகளாக அமைந்து, ஒவ்வொரு துண்டும் ஒரு சிறு நிறுத்தத்தோடு முடியும். என்.எச்.கே. இன் காலை நாடகம் 1961 முதல் வருவது. இப்பொழுது பெரும்பாலும் ஆறு மாதம், நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடம். அந்நிலையத்தின் வரலாற்றுப் பெருநாடகம் 1963 முதல் வருவது. ஓராண்டு, வாரம் ஒருமுறை. 'ஐபோ' போன்று ஆண்டுதோறும் மீண்டுவரும் துப்பறியும் நாடகங்கள் விதிவிலக்கு. மற்றையவை எந்நாளில் முடியும் என்பது தொடங்கும்போதே எழுதுவோனுக்கும் தெரியும், பார்ப்போனுக்கும் தெரியும்.

கொரியாவில் அமைப்பு வேறு. அங்கு வாரத்தில் அடுத்தடுத்த இரு நாள்களில் இரண்டு அங்கங்கள். எட்டு வாரத்திற் பதினாறு அங்கங்கள். இதுவே நெடுங்காலமாக வழங்கும் பெருவழக்கு. நிகழ்ச்சியின் நடுவே விளம்பரம் இடுதல் பொது ஒளிபரப்பு நிலையங்களுக்கு 2021 வரை சட்டத்தால் பொதுவாகத் தடுக்கப்பட்டிருந்தது. ஆதலின் ஓர் அங்கம் அறுபது, எழுபது நிமிடம் இடையீடின்றி ஓடும். இடையீடு இன்மையால் ஓர் உணர்ச்சியைத் தொடங்கி, வளர்த்து, அதன் உச்சிக்கே கொண்டுசெல்ல அவகாசம் உண்டு. முதல்நாள் அங்கம் மறுநாள்வரை தாங்கினாற் போதும். இரண்டாம்நாள் அங்கமோ ஐந்து நாள் தாங்கவேண்டும். கொரிய நாடகங்களின் இரட்டை எண் அங்கங்கள் திடுக்கிடும் முடிவோடு நிற்பதன் காரணம் இதுவே.

இன்னொன்றையும் ஈண்டுக் குறித்தல் வேண்டும். கொரியாவில் நெடுங்காலம், நாடகம் ஒளிபரப்பாகிக்கொண்டிருக்கும் போதே படப்பிடிப்பும் நடந்துவந்தது. முதலிரு அங்கங்கள் ஆர அமர, பொருட்செலவோடு, சிலபோது வெளிநாடு சென்றும் படமாக்கப்படும். நடுப்பகுதிக்கு வரும்போது எழுத்துப் பிரதி அன்றன்று துண்டுத் தாள்களாக நடிகர் கைக்கு வரும். இத்துண்டுத் தாளுக்கென்றே அந்நாட்டில் தனிப்பெயர் உண்டு. 2016 இல் வந்த 'சூரியனின் வழித்தோன்றல்கள்' ஒளிபரப்புக்கு முன்னரே முழுவதும் படமாக்கப்பட்டு வெற்றிபெற்ற பின்னரே இவ்வழக்கம் பெரிதும் தளரத் தொடங்கியது. ஆகவே, பழைய கொரிய நாடகங்களின் முதல் அங்கத்தைப் பார்த்து மதிப்பிடுவது, கலியாண வீட்டுப் பந்தலைப் பார்த்துக் குடும்பத்தின் செல்வநிலையைக் கணிப்பது போன்றது.

இத்தகைய அமைப்புகளை நோக்காது, 'யப்பானியர் அடக்கமானவர், ஆகவே அவர் நாடகம் அடங்கியது. கொரியர் உணர்ச்சிமிக்கவர், ஆகவே அவர் நாடகம் பொங்கியது' என்று எழுதுவோர் பலர். மெதுவாகத் தொடங்கி, இடையில் திரிந்து, ஈற்றில் விரைந்து முடியும் 'ஜோ, ஹா, கியூ' என்னும் முறையைப் பதினைந்தாம் நூற்றாண்டளவில் ஸெயாமி என்னும் நோ நாடக ஆசான் விளக்கியதைக் காட்டி, யப்பானியத் தொலைக்காட்சி நாடகத்தின் மெதுவான தொடக்கத்திற்கு அதுவே வேர் என்பார் ஒரு சாரார். 'ஹான்' என்னும் ஆறாத் துயரத்தைக் காட்டிக் கொரிய நாடகக் கண்ணீர் அனைத்திற்கும் அதுவே ஊற்று என்பார் மற்றொரு சாரார். மரபு இல்லை என்பதன்று எம் கருத்து. தொல்காப்பியர் வகுத்த எண்வகை மெய்ப்பாட்டைக் கொண்டு நம்மூர்ச் சினிமாப் படங்களையெல்லாம் விளக்கிவிட முடியுமாயின், இதுவும் முடியும். கடிகாரமும் ஒளிபரப்பு அட்டவணையும் விளக்கக்கூடியவற்றை முதலில் அவற்றைக் கொண்டே விளக்கிப் பார்த்தல் திறனாய்வாளன் கடன். எஞ்சுவதை மரபுக்கு விடலாம்.

இதனைச் சோதிப்பதற்கு நல்வாய்ப்பாக ஒரே கதை இரு நாட்டிலும் நாடகமாகியுள்ளது. அது 'மதர்' என்பது. சாகாமொதோ யூஜி எழுதி, 2010 ஏப்ரல் முதல் யூன் வரை யப்பானில் நிப்பொன் தொலைக்காட்சியிற் பதினோர் அங்கங்களாக வந்தது. 2018 இல் கொரியாவில் டி.வி.என். நிலையத்திற் பதினாறு அங்கங்களாக வந்தது. கொரிய வடிவத்தை எழுதியவர் சொங் சோ-கியொங் அம்மையார். முன்னது ஏறத்தாழ எட்டரை மணி நேரம். பின்னது ஏறத்தாழ அதன் இருமடங்கு.

கதை இது. பறவைகளை ஆராய்ந்துவந்த பெண்ணொருத்தி, ஆராய்ச்சிக்கூடம் மூடப்பட்டமையால், ஹொக்கைடோவின் முரோரான் நகரிலுள்ள பள்ளியொன்றில் தற்காலிக ஆசிரியையாகிறாள். அவள் பெயர் நாவோ. பிள்ளைகளை விரும்பாதவள். அவள் வகுப்பிலுள்ள ரேனா என்னும் சிறுமி வீட்டில் தாயாலும் தாயின் காதலனாலும் வதைக்கப்படுகிறாள். பனி கொட்டும் இரவொன்றில் அச்சிறுமி குப்பைப் பையினுட் கட்டி எறியப்பட்டுக் கிடக்கக் கண்ட ஆசிரியை, அவளைத் தூக்கிக்கொண்டு ஊரைவிட்டே போய்விடுகிறாள். பிள்ளை கடலில் விழுந்து இறந்ததென ஊரார் நம்புமாறு செய்துவிட்டு, அவளுக்குச் சுகுமி என்று புதுப்பெயர் இட்டு, அவளுக்குத் தாயாகிறாள். சுகுமி என்பது யப்பானுக்கு வலசை வரும் பறவையொன்றின் பெயருமாம். சட்டத்தின் கண்ணில் இது குழந்தைத் திருட்டு. நாவோவும் பெற்ற தாயாற் கைவிடப்பட்டு மற்றொருத்தியால் வளர்க்கப்பட்டவளே.

முதல் அங்கத்தைப் பார்த்தோர் எவரும் இந்நாடகத்தை விடமாட்டார். அத்துணை வலியது அது. ஆயினும் அது காட்டாதது ஒன்று உண்டு. முதல் அங்கத்திற் சிறுமியின் தாய் நமக்குப் பேயாகவே தோன்றுகிறாள். பதினோர் அங்கங்களுள் எட்டாவதில் ஆசிரியர் திரும்பிச் சென்று, அத்தாய் தன் பிள்ளையோடு தனித்து வாழத் தொடங்கிய ஆண்டுகளைக் காட்டுகிறார். அன்பாகவே தொடங்கியவள், துணையின்றி, பணமின்றி, உறக்கமின்றி, படிப்படியாக அந்நிலைக்கு இறங்கியவள். எந்த நாளில் அவள் தாயாக இருப்பது நின்றது என்று சுட்ட முடியாதவாறு காட்சிகள் செல்கின்றன. அவள் செய்ததை ஆசிரியர் மன்னிக்கவில்லை. நம்மையும் மன்னிக்கச் சொல்லவில்லை. நாம் முதல் அங்கத்தில் அளித்த தீர்ப்பை எடுத்து நம் கையிலேயே மீண்டும் தருகிறார். அத்தாயாக நடித்தவர் ஒனோ மச்சிகோ. இவ்வங்கம் ஏன் எட்டாவது? நாலாவதில் வந்திருந்தால் ஆசிரியையின் துணிவு நமக்குக் குற்றமாகத் தோன்றியிருக்கும். பத்தாவதில் வந்திருந்தால் வெறும் விளக்கமாக நின்றிருக்கும். முடிவு நாள் தெரிந்த எழுத்தாளனுக்கே இத்தகைய இடமறிதல் கைகூடும்.

கொரிய வடிவம் இதே கதையை இருமடங்கு காலத்தில் நிறைக்கவேண்டியிருந்தது. அதனால் இரு மாற்றங்கள் நேர்ந்தன. ஒன்று, வளர்ப்புத் தாய் புகழ்மிக்க நடிகையாக்கப்பட்டாள். இது நல்ல மாற்றம். ஊரறிந்த ஒருத்தியின் வீட்டில் மறைவு எவ்வாறு காக்கப்படும் என்ற இடர் புதிதாய்ப் பிறந்தது. லீ ஹெ-யொங் அப்பாத்திரத்திற்குத் தந்த மிடுக்கும் நோயுற்ற பின் தந்த மென்மையும் இவ்வடிவத்தின் தனிச்சிறப்பு. மற்றொன்று, தாயின் காதலன் பெருங்கொடியவனாக வளர்க்கப்பட்டுச் சிறுமியைக் கடத்திச் செல்லுமளவுக்கு நீட்டப்பட்டான். நடித்த சொன் சொக்-கு திறமையாளர்; ஆயினும் கொடுமைக்கு ஒரு தனிக் கொடியவன் கிடைத்ததும், எட்டாம் அங்கத்திற் சாகாமொதோ நம் கையிற் கொடுத்த கேள்வி நழுவிவிடுகிறது. எவரும் இறங்கக்கூடிய படி அது என்ற அச்சம் போய், அவனைப் போன்ற ஒருவன் இருந்தாலன்றி இது நேராது என்ற ஆறுதல் வந்துவிடுகிறது.

முடிவும் வேறுபடுகிறது. யப்பானிய நாடகத்தில் ஆசிரியையும் சிறுமியும் பிரிகின்றனர். இருபது வயதாகும்போது திறந்து படிக்குமாறு எழுதிய கடிதமொன்றை ஆசிரியை அவளிடம் கொடுத்தனுப்புகிறாள். சட்டம் வென்றதா, அன்பு வென்றதா என்பது பதின்மூன்று ஆண்டுகளுக்கு அப்பால் ஒத்திவைக்கப்படுகிறது. கொரிய நாடகத்திலோ இருவரும் மீண்டும் தாயும் மகளுமாகச் சேர்கின்றனர். பதினேழு மணி நேரம் கண்ணீர் சிந்திய பார்வையாளனுக்கு அம்முடிவு கடன்பட்டதே எனலாம். யாமும் அதனைக் குறை கூறோம். கொரிய வடிவம் 2018 இல் பெக்சாங் விருதுகளிற் சிறந்த நாடகமாகத் தேர்வு பெற்றது; அத்தகுதி அதற்கு உண்டு. இருப்பினும் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்போர்க்கு, நீளம் என்பது வெறும் அளவு அன்று, அது பொருளையே மாற்றும் என்பது விளங்கும்.

இனி, அண்மையில் வந்தவற்றுள் இரண்டை நோக்குவாம். 2025 ஆம் ஆண்டு சனவரியில் நெட்பிளிக்ஸ் நிறுவனத்தின் வழியாக வந்த 'அசுரா' புதியதும் பழையதுமான நாடகம். இதனை முகோதா குனிகோ அம்மையார் 1979 இல் மூன்று அங்கமாகவும் 1980 இல் நான்கு அங்கமாகவும் என்.எச்.கே. இற்கு எழுதினார். 1981 இல் தாய்வானில் நேர்ந்த விமான விபத்தில் அவர் மறைந்தார். திரைப்பட இயக்குநர் கொரே-ஏதா ஹிரோகாசு அதே ஏழு அங்கங்களாக, அதே 1979 ஆம் ஆண்டிலேயே கதையை வைத்து, மீண்டும் அமைத்துள்ளார். (முதல் வடிவத்திற்குத் துருக்கியரின் பழைய போர்ப்படை வாத்திய இசையை முகப்பிசையாக இட்டனர். குடும்பக் கதைக்குப் போர் முரசு! வீட்டை அறிந்தவர் செய்த தேர்வு.)

நான்கு சகோதரிகள்; முதிய தந்தைக்கு வேறொரு பெண்ணோடு தொடர்புண்டு என்பதை ஒருத்தி அறிந்துவந்து மற்றவர்க்குச் சொல்கிறாள். தாய்க்குத் தெரியக்கூடாது என்று நால்வரும் முடிவு செய்கின்றனர். தாயோ ஏதும் அறியாதவளாய்ப் பாட்டொன்றை முணுமுணுத்தபடி கணவனின் மேற்சட்டையைத் தூசி தட்டுகிறாள். சட்டைப் பையிலிருந்து சிறுவர் விளையாடும் சிறிய மோட்டார் வண்டியொன்று விழுகிறது. அவ்வீட்டில் அவ்வயதுப் பிள்ளை இல்லை. தாய் அதனை எடுத்துப் பார்க்கிறாள். மறுகணம் அதனை ஓங்கி எறிகிறாள். அது தாள் ஒட்டிய தள்ளுகதவைத் துளைத்துக்கொண்டு போகிறது. பிறகு மீண்டும் அமைதி. ஒரு சொல்லும் இல்லை. நம் இலக்கணகாரர் இறைச்சி என்றும் குறிப்பு என்றும் வகுத்தவற்றிற்கு இன்றைய நாடகத்திலிருந்து எடுத்துக்காட்டு வேண்டுமெனின் இதனைக் காட்டலாம். கதவிலுள்ள ஓட்டை அத்தாயின் முப்பது நாற்பது ஆண்டு மௌனத்தின் அளவு.

இந்நாடகத்தின் முதல் அங்கத்தில் விடப்படும் கேள்வி, தாய்க்குத் தெரிந்தால் என்ன நேரும் என்பது. அவளுக்குத் தெரியும் என்பதை அம்முதல் அங்கமே நமக்குக் காட்டிவிடுகிறது. இத்தகைய நாடகத்தை 'அடுத்து என்ன' என்ற ஆவலால் அளப்பவர் ஏமாறுவர். கதை முடிச்சை முதலிலேயே அவிழ்த்துவிட்டு, அவிழ்ந்த கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு நால்வர் எவ்வாறு வாழ்கின்றனர் என்பதையே மிகுதி ஆறும் காட்டுகின்றன. தந்தையைப் பழித்த மூத்தவள் தானும் மனைவியுள்ள ஒருவனோடு பழகுகிறாள். இரண்டாமவள் தன் கணவனை ஐயுறுகிறாள். இவ்விரண்டாமவளாக நடிப்பவரும் 'மதர்' நாடகத்துக் கொடுந்தாயாக வந்த அதே ஒனோ மச்சிகோ. பதினைந்து ஆண்டு இடைவெளியில் இரண்டையும் பார்ப்பது ஒரு தனி இன்பம்.

இதற்கு நேர்மாறானது 2025 மார்ச்சில் வந்த கொரிய நாடகம். ஜேஜு தீவில் மூச்சடக்கிக் கடலுள் மூழ்கிச் சிப்பியும் பாசியும் எடுக்கும் பெண்ணொருத்தியின் மகள் ஏ-சுன், அவளை இளமைமுதல் விரும்பும் குவான்-சிக் ஆகிய இருவரின் வாழ்க்கை ஐம்பதுகளிலிருந்து இன்றுவரை செல்கிறது. எழுதியவர் இம் சாங்-சுன்; இயக்கியவர் கிம் வொன்-சொக். வாரத்திற்கு நான்காக நான்கு வாரத்தில், இளவேனில், வேனில், இலையுதிர் காலம், கூதிர் என நான்கு பருவமாகப் பதினாறு அங்கங்களும் வெளியாயின. ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்டிவிடும் நெட்பிளிக்ஸ் வழக்கத்திற்கும், காத்திருந்து பார்க்கும் கொரிய வழக்கத்திற்கும் இடையிலான இவ்வொழுங்கு கதைக்கு நன்கு பொருந்தியது.

முதல் அங்கத்தில் தாயின் உழைப்பும், கடலுக்குப் போகும் தாயை மீட்டுக்கொள்ள ஏங்கிச் சிறுமி எழுதும் பாட்டும், அப்பாட்டைக் கண்ட தாயின் நிலையும் கல்லையும் கரைக்கும். எம் மதிப்பீட்டில், இந்நாடகத்தின் குறை அங்கேயே தொடங்குகிறது: காட்சி சொல்லிமுடித்ததைப் பின்னணிக் குரல் மறுபடியும் சொல்கிறது. ஈற்று அங்கங்களில் இது மிகுந்து, அழுகை என்னும் மெய்ப்பாடு பார்ப்போனிடத்துப் பிறப்பதற்கு முன்னரே அவனிடம் கேட்டுப் பெறப்படுகிறது. குணமோ முதல் அங்கத்தில் முழுமையாகத் தெரியாதது. ஏ-சுன்னின் இளமையையும் அவள் மகளையும் ஐயூ என்னும் ஒரே நடிகை நடிக்கிறார். பின் அங்கங்களில் மகள் தாயோடு முரண்டும்போது, நடு வயதுத் தாய் தன் பழைய முகத்தோடேயே வாதிடுவதாகக் காட்சி அமைகிறது. தன் கனவைக் கைவிட்டவள், அக்கனவைத் தன் முகத்தோடு எதிரே நிற்கக் காண்கிறாள். எழுத்தில் நூறு பக்கம் எழுதினாலும் இது கிட்டாது. காட்சிக் கலைக்கே உரியது. முதல் அங்கத்தை மட்டும் கண்டு 'அழுகை நாடகம்' என்று விலகியோர் இழந்தது இதனையே.

எல்லை தெரிந்த காலமே இந்நாடகங்களின் வலிமை என்று மேலே கூறினோம். அவ்வெல்லை இப்போது தளர்ந்து வருகிறது. 'ஸ்க்விட் கேம்' 2021 இல் ஒன்பது அங்கங்களில் ஒரு முழுக் கதையாக முடிந்தது. பெற்ற வெற்றியின் அளவினால் அது மீண்டும் திறக்கப்பட்டது. 2024 டிசம்பரில் ஏழு அங்கங்கள், 2025 யூனில் ஆறு அங்கங்கள். இவ்வேழும் ஆறும் உண்மையில் ஒரே கதையின் இரு பாதிகள். ஏழாவது கிளர்ச்சியின் நடுவே நின்றுவிட்டது. பார்வையாளன் காத்திருந்த ஆறு மாதம் கதை கேட்ட இடைவெளியன்று, கணக்குப் புத்தகம் கேட்ட இடைவெளி. முன்னாளிற் பதினாறாம் அங்கத்தின் நாளை எண்ணி எழுதினர். இனி அடுத்த பருவத்தின் ஒப்பந்தத்தை எண்ணி எழுத நேரின், எட்டாம் அங்கத்தின் இடமறிந்து ஒரு தாயின் கதையைத் திருப்பும் கலை எவ்வாறு எஞ்சும்? எல்லாவற்றையும் ஒரே நாளில் வெளியிடும் முறை, நாடகாசிரியனை முதல் அங்கத்திலேயே பார்வையாளனைக் கட்டிவிடுமாறு வற்புறுத்துகிறது. நாம் முதல் அங்கத்தைக் கொண்டு அளக்கிறோம். நிறுவனங்கள் நம் அளவைக் கணக்கெடுத்து அவ்வளவுக்கேற்பவே முதல் அங்கத்தைச் செய்கின்றன. இவ்வட்டத்துள் 'ஓஷின்' போன்று ஒரு மூதாட்டி மெல்ல வீட்டை விட்டு நடந்து செல்லும் தொடக்கத்துக்கு இடமில்லை.

மொழியைப் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். நம்மவருட் பெரும்பாலோர் இந்நாடகங்களைத் திரையின் அடியில் ஓடும் ஆங்கில எழுத்தைப் படித்தே பார்க்கின்றனர். கொரிய மொழியில் ஒருவன் மற்றொருவனை விளிக்கும்போது வயது, பதவி, நெருக்கம் ஆகியவற்றிற்கேற்ப வினைமுடிவே மாறும். காதலர் இருவர் மரியாதைச் சொல்லிலிருந்து நெருக்கச் சொல்லுக்கு மாறும் கணமே பல நாடகங்களில் திருப்புமையம். ஆங்கில எழுத்தில் அக்கணம் தடயமின்றி மறையும். பெண்ணொருத்தி தன் அண்ணனை அழைக்கும் சொல் வேறு, ஆணொருவன் தன் அண்ணனை அழைக்கும் சொல் வேறு. முதற்சொல்லே காதலனை அழைக்கவும் வழங்கும். ஆங்கிலத்தில் இவை வெறும் பெயராகிவிடும். மேற்கூறிய ஜேஜு நாடகத்தின் பெயரே அத்தீவின் வட்டார வழக்கில் 'மிகவும் பாடுபட்டீர்கள்' என்று நன்றியோடு கூறுவதாகும். தலைநகரத்தார் காதில் அது 'முற்றாக ஏமாந்தீர்கள்' என்று விழும். அவ்விரட்டைப் பொருளை விட்டு, எலுமிச்சை பற்றிய ஆங்கில முதுமொழியொன்றைத் திருப்பி அதற்கு ஆங்கிலப் பெயர் இட்டனர். யப்பானிய 'மதர்' நாடகத்தின் உயிரோட்டம் முழுவதும், அச்சிறுமி 'ஆசிரியை' என்று அழைப்பதிலிருந்து 'அம்மா' என்று அழைப்பதற்கு எப்போது, எவர் முன்னிலையில், நடிப்புக்காகவா உண்மையாகவா மாறுகிறாள் என்பதிலேயே உள்ளது.

தமிழுக்கு இவ்விடர் இல்லை. அண்ணன், அக்கா, ரீச்சர், ஐயா எனச் சொற்கள் உள. யாழ்ப்பாணத்து வழக்கில் நீ, நீர், நீங்கள் என்று மூன்று படிகளும் உள. 'ஸ்க்விட் கேம்' முதலிய சில நாடகங்கள் தமிழ்க் குரலோடு வந்துள்ளன; இனிப் பலவும் வரும். அவற்றிற்கு உரையாடல் எழுதுவோர் ஆங்கிலத்தை இடையில் வையாது மூலத்தைக் கேட்டு எழுதுவாராயின், ஆங்கிலத்தில் இழந்ததிற் பாதியையேனும் மீட்கலாம். சியோல் நகரத்து அலுவலகமொன்றில், ஒத்த பதவியினராய், இன்னும் நண்பராகாத இருவர் ஒருவரையொருவர் விளிக்க நம் 'நீர்' எத்துணை இயல்பாய் அமையும் என்பதை, கொரிய மொழி பயிலும் நம் மாணவர் ஒரு காட்சியையேனும் பெயர்த்தெழுதிப் பார்த்தல் வேண்டும்.